கறளுக்கு மேல் சட்டை போடாமல் சைக்கிளுக்கு ஸ்ப்ரே அடிப்பது எப்படி

அப்பாவின் பழைய ராலி சைக்கிளுக்கு நான் முதன்முதலில் ஸ்ப்ரே அடித்தது ஒரு சித்திரை விடுமுறையில். இரண்டு கேன் கறுப்பு வாங்கி வந்தேன். சீலைத் துண்டால் தூசியைத் தட்டினேன். பிரேமை மாமரக் கொப்பில் தொங்கவிட்டு அடித்து முடித்தேன். மொத்தம் ஒரு மணித்தியால வேலை. பின்னேரம் வந்தவர்கள் எல்லாரும் புதுச் சைக்கிளா என்று கேட்டார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆடி பிறக்கும்போது கீழ்க்குழாயில் ஒரு கொப்புளம். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பாம்புச் சட்டை மாதிரி ஒரு விரல் நீளத்துக்குப் பெயின்ட் உரிந்து கையோடு வந்தது. உள்ளே கறள் (துரு), நான் விட்ட இடத்திலேயே இருந்தது, இன்னும் கொஞ்சம் தடிப்பாக.

சைக்கிள் திருத்தும் வயதானவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். குனிந்து பார்த்தார். "தம்பி, கறளைக் கழட்டாம அதுக்கு மேல சட்டையப் போட்டு விட்டிருக்கீங்க. உள்ளுக்க அது வேர்க்காதா?" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பிரேமை மூன்று தரம் உரித்து அடித்திருக்கிறேன். கேற் ஒன்று, அம்மாவின் தையல் மெசின் கால், தெருவில் உள்ளவர்களின் சைக்கிள் ஐந்தாறு என்று கை பழகியது. ஸ்ப்ரே அடிக்க அரை மணித்தியாலம் போதும். அதற்கு முன்னால் இரண்டு நாள் வேலை இருக்கிறது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த இரண்டு நாளைப் பற்றியது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சைக்கிள் பிரேம்தான் நல்லது. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, பிழைத்தால் திரும்ப உரிக்கலாம்.

எங்கள் ஊர்க் காற்று

மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரும்பை உயிரோடு தின்கிற ஊர். 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் உப்புக் காற்று என்ன செய்யும் என்று தெரியும். மீன் வியாபாரம் செய்கிறவர்களின் சைக்கிள் இன்னும் நல்ல பாடம். பின் கரியரில் ரெஜிபோம் பெட்டி, அதிலிருந்து ஐஸ் உருகி ஒழுகும் உப்புத் தண்ணீர். கரியர் கால் பிரேமோடு சேரும் மூலையைப் பாருங்கள், கறள் அங்கேதான் முதலில் கூடு கட்டும்.

உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். பெயின்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத அளவு உப்பு இருந்தாலும் அது படலத்தின் ஊடாகவே தண்ணீரை உறிஞ்சி உள்ளே சேர்த்துக்கொள்ளும். நான் பார்த்த கொப்புளம் அதுதான்.

அதனால் மாதத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் மாரி. அந்தக் காலத்தில் சுத்தம் செய்த இரும்பு பின்னேரத்துக்குள் மஞ்சள் பூத்துவிடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று. வறுத்து விற்கிற கச்சான் அல்ல, மலைநாட்டைத் தாண்டி இறங்கி மேற்கே இருந்து வரும் சூட்டுக் காற்று. சில நாட்களில் கடற்காற்றையே தள்ளிவிட்டு 37, 38 பாகை வரை கொண்டுபோகும். இரும்பு காய்வதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் அடிக்கும்போது பெயின்ட் துளி பிரேமைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து, மேற்பரப்பு ரவை தூவியதுபோல் சொரசொரப்பாகிவிடும். புழுதியும் வந்து ஒட்டும். ஆகவே கச்சான் காலத்தில் காலை எட்டு ஒன்பது மணிக்குள் அடித்து முடியுங்கள். என்னைக் கேட்டால் மாசி, பங்குனி மாதங்கள்தான் திறம்.

காற்றின் ஈரப்பதம் 85 வீதத்துக்கு மேல் இருந்தால் பெயின்ட் அடிக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் பொதுவான விதி. மீற்றர் இல்லாவிட்டால் ஈரத்துணியால் இரும்பில் ஓர் இடத்தைத் துடைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். கால் மணித்தியாலத்துக்குள் ஈரம் காயவில்லையென்றால் அன்றைக்கு வேலை வேண்டாம், தேத்தண்ணி குடிக்கப் போங்கள்.

முதலில் உடம்பு, பிறகு சைக்கிள்

இதைப் படிக்காமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், அதனால் முன்னாலேயே எழுதுகிறேன்.

பெயின்டைக் கரைக்கவும் எண்ணெயைத் துடைக்கவும் எடுக்கிற தின்னரின் ஆவி காற்றைவிடப் பாரமானது. மேலே போகாது, நிலத்தோடு ஊர்ந்து போகும். கோடிப் பக்கம் நீங்கள் துடைத்துக்கொண்டிருக்க, பத்தடி தள்ளிக் குசினியில் அடுப்பு எரியும். திண்ணையில் நுளம்புச் சுருள் புகையும். சாமி அறையில் விளக்கு எரியும். ஆவி போய்ச் சேர்ந்தால் நெருப்பு அதே பாதையில் உங்களிடம் திரும்பி வரும். வீட்டுக்குள்ளே, கராஜுக்குள்ளே, கதவு சாத்திய எந்த இடத்திலும் செய்யாதீர்கள். திறந்த முற்றம், நிழல், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரவேண்டும்.

பெற்றோலால் கழுவுகிற பழக்கம் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. டின்னில் பெற்றோலை ஊற்றி போல்ஸ் (சின்ன இரும்புக் குண்டுகள்) கழுவுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். வேண்டாம். காற்றில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு பெற்றோல் ஆவி கலந்தாலே தீப்பிடிக்கும். அதில் இருக்கும் பென்சீன் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். கிறீஸ் கழற்ற மண்ணெண்ணெய் போதும்.

முகமூடி விஷயத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய நீல முகக்கவசம் இதற்கு ஒன்றுக்கும் உதவாது. என்95 தூசியைத் தடுக்கும், சாண்ட் பேப்பர் போடும்போது அது போதும். ஆனால் தின்னர் ஆவியை அது தடுக்காது. ஸ்ப்ரே அடிக்கும்போது கரி நிரப்பிய வடிகட்டி பூட்டிய ரப்பர் முகமூடி வேண்டும். ஹாட்வெயார் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். முகமூடி போட்ட பிறகும் பெயின்ட் மணம் வந்தால் வடிகட்டி முடிந்துவிட்டது, அல்லது தாடி இடைவெளி விட்டிருக்கிறது.

ஹார்ட்னர் கலந்து அடிக்கிற டூ-கே பெயின்டை வீட்டில் தொடவே வேண்டாம். பளபளப்பு நன்றாக வரும்தான். ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேற் மணத்தால் எச்சரிக்காது, ஒருமுறை நுரையீரலில் ஒவ்வாமையை ஏற்படுத்திவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும். வெளிக்காற்றைக் குழாயால் கொண்டுவரும் முகமூடி வைத்திருக்கிறவர்களின் வேலை அது.

இன்னும் இரண்டு மூன்று சின்ன விஷயம். கிரைண்டரில் கம்பிப் பிரஷ் பூட்டி ஓட்டுவதானால் சாரனோடு நிற்காதீர்கள், காற்சட்டை போடுங்கள். துணி சுற்றினால் கிரைண்டர் உங்களிடம் வரும். கம்பி ஒவ்வொன்றாக உடைந்து பறக்கும், அதனால் கண்ணாடி கட்டாயம். தின்னரைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒருபோதும் வேண்டாம். ஸ்ப்ரே கேனைத் தகரக் கூரைக்குக் கீழோ வெயிலிலோ விடக் கூடாது. 50 பாகைக்கு மேல் சூடாகக் கூடாது என்று கேனிலேயே எழுதியிருக்கும்.

கழற்றுவது

கழற்றும் முன் போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். பிரேக் கம்பி எந்த வழியாகப் போனது என்று மூன்றாம் நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

சக்கரம், செயின், மட்காட், சீற், ஹேண்டில், முன் சக்கரத்தைப் பிடிக்கிற போக் எல்லாம் வரவேண்டும். இடது பெடல் எதிர்ப்பக்கமாகச் சுழலும், மணிக்கூடு ஓடுகிற பக்கம் திருப்பினால்தான் கழரும். இது தெரியாமல் மல்லுக்கட்டிப் புரியைத் தின்னக் கொடுத்தவர்கள் அதிகம். பழைய சைக்கிளில் கிராங்கை (பெடல் பூட்டுகிற கையை) பிடித்திருப்பது கொட்டர் ஆணி. அதை நேராகச் சுத்தியலால் அடித்தால் தலை பூப்போல விரிந்துவிடும். நட்டை ஆணியின் நுனி மட்டம் வரைக்கும் தளர்த்திவிட்டு, கீழே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து நட்டின் மேல் அடியுங்கள். இரண்டு நாள் முன்பே எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தால் சுகமாக வரும்.

போல்ஸை எண்ணி, யோகட் கப்பில் போட்டு மூடிவையுங்கள். ஒன்று கல்லுக்குள் விழுந்தால் போய்விட்டது.

குரோம் பூசிய றிம், ஹேண்டில் ஆகியவற்றுக்கு ஸ்ப்ரே வேண்டாம். வழுக்கலான குரோமில் பெயின்ட் பிடிக்காது. அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே அழகாகிவிடும்.

கழுவுவதும் துடைப்பதும்

எல்லாரும் பிழைவிடுவது இங்கேதான். பிரேமை இறக்கியவுடன் கை சாண்ட் பேப்பரைத் தேடும். தேடக் கூடாது. கிறீஸ் இருக்கிற இரும்பைத் தேய்த்தால் கிறீஸ் போகாது, நீங்கள் போடுகிற கீறலுக்குள் போய் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். முதலில் சுத்தம், பிறகு தேய்ப்பு, பிறகு மறுபடியும் சுத்தம்.

இரண்டு வகை அழுக்கு இருக்கிறது. எண்ணெய், கிறீஸ் இவை தின்னருக்குக் கரையும், தண்ணீருக்குக் கரையாது. உப்பு, வியர்வை இவை தண்ணீருக்குக் கரையும், தின்னருக்குக் கரையாது. தின்னரால் மட்டும் துடைத்தவர் உப்பை அப்படியே விட்டுவிட்டார். தண்ணீரால் மட்டும் கழுவியவர் கிறீஸை விட்டுவிட்டார். நான் முதல்தரம் இரண்டையும் விட்டேன்.

ஆகவே வரிசை இப்படி. தடித்த கிறீஸை ஒரு தடியால் வழித்தெடுங்கள். பிறகு மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் கொண்டு கிராங்க் பகுதி, போக் கழுத்து, குழாய்கள் சேரும் மூலைகள். மண்ணெண்ணெய் தானும் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும், அதனால் உடனே சலவைத்தூள் கரைத்த தண்ணீரால் நுரை வர நுரை வர உரஞ்சிக் கழுவவேண்டும். பிறகு நல்ல தண்ணீர் நிறைய ஊற்றி அலசுங்கள். கடற்கரைப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் சவர். அதால் கடைசி அலசல் செய்தால் கழுவிய உப்பைத் திரும்பவும் பூசியதாகிவிடும். கடைசி இரண்டு வாளிக்குக் குழாய்த் தண்ணீர் எடுங்கள்.

இப்போது ஒரு பரிசோதனை. பிரேமைச் சரித்துப் பிடித்து ஒரு குவளைத் தண்ணீரை மெல்ல ஊற்றிப் பாருங்கள், கண்ணைக் கிட்டக் கொண்டுபோய். தண்ணீர் சேம்பிலையில் உருள்வதுபோல் முத்து முத்தாகத் திரண்டால் அங்கே எண்ணெய் இருக்கிறது. ஒரே படலமாக, கண்ணாடி போட்டதுபோல் வழிந்து அரை நிமிடம் அப்படியே நின்றால் சுத்தம். என் பிரேமில் சீற் குழாய்க்குக் கீழே மட்டும் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் விலகிக்கொண்டே இருந்தது. மூன்று தரம் கழுவியும் போகவில்லை. பிறகுதான் புரிந்தது, ஒவ்வொரு தரமும் நான் பிரேமைத் தூக்கியது அந்த இடத்தில் பிடித்து. காலையில் தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் கையில் இருந்தது.

அன்றிலிருந்து கையுறை போடாமல் பிரேமைத் தொடுவதில்லை. நைற்றைல் கையுறை நல்லது, மெல்லிய ரப்பர் தின்னரில் ஊதிக் கிழிந்துவிடும். எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் விலகிச் சின்ன வட்டக் குழி விடும். அதை மீன்கண் என்கிறார்கள். சிலிக்கோன் ஸ்ப்ரே, டபிள்யூடி-40 எண்ணெய் ஸ்ப்ரே போன்றவற்றை அந்த முற்றத்தில் அடிக்கவே வேண்டாம், காற்றில் வந்து படிந்தாலே மீன்கண் வரும்.

கறள்

கறளில் மேற்கறள், ஆழக்கறள் என்று இரண்டு உண்டு. மேற்கறள் தேய்த்தால் போகும். ஆழக்கறள் இரும்பைக் குழி குழியாகத் தின்றிருக்கும். சீற் குழாயின் அடி, செயின் பக்கக் குழாய்கள், கிராங்க் பெட்டி இவற்றை ஸ்குரூ டிரைவர் நுனியால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் பெயின்டை மறந்துவிட்டு வெல்டிங் கடைக்குப் போங்கள். பட்டி வைத்து மூடி அழகாக்கலாம்தான். அந்தச் சைக்கிளில் பின்னால் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறவர் நீங்கள்.

80ஆம் நம்பர் சாண்ட் பேப்பரும் (நம்பர் கூடக் கூடப் பேப்பர் மிருதுவாகும்) கம்பிப் பிரஷும் பெரும்பாலான கறளைக் கழற்றும். கழற்றக்கூடிய சின்னச் சாமான்களை வினாகிரியில் ஓர் இரவு ஊறப்போடலாம். காலையில் பிரஷால் தேய்த்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, அந்த நிமிடமே துடைத்து வெயிலில் வையுங்கள். ஐந்து நிமிடம் சுணங்கினாலும் மஞ்சள் பூக்கும். ஸ்பிரிங்குகளையும் போல்ஸையும் அமிலத்தில் போடாதீர்கள், கடினமான உருக்கு அதில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடலாம். வினாகிரியோ வேறு அமிலமோ இருக்கிற வாளிக்குப் பக்கத்தில் பிளீச் கொண்டு வரவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் கிளோரின் வாயு.

குழிக்குள் எஞ்சிய கறளுக்குக் கறள் மாற்றி என்ற திரவம் விற்கிறார்கள். பொஸ்பரிக் அமிலம் உள்ளது கறளைக் கறுப்புப் படலமாக மாற்றும். நல்ல சாமான்தான், ஆனால் சோம்பேறிகளின் மருந்து இல்லை. உதிர்கிற கறளின் மேல் பூசினால் அதுவும் சேர்ந்து உதிரும். போத்தலில் போட்டிருக்கிற நேரம்வரை காயவிடுங்கள், அதற்கு மேல் எந்த பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சு) அடிக்கலாம் என்பதையும் அதிலேயே வாசியுங்கள்.

சாண்ட் பேப்பர்

பழைய பெயின்ட் முழுவதையும் உரிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இறுக்கமாகப் பிடித்திருக்கிற பெயின்ட் உங்களுக்குக் கிடைத்த இலவச அண்டர்கோட். 240ஆம் நம்பரால் அதன் மினுக்கம் மங்கும்வரை தேய்த்தால் போதும். உரிந்த இடத்தின் ஓரத்தை மட்டும் 120, பிறகு 240 என்று படிப்படியாகச் சரித்துவிடுங்கள். கண்ணை மூடி விரலால் தடவினால் படி தட்டுப்படக் கூடாது. கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது.

பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். அப்பா காலத்துப் பெயின்டைக் காய்ந்த நிலையில் தேய்த்து முற்றமெல்லாம் தூசியாக்காதீர்கள். வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்த்து, வருகிற சேற்றைக் கடதாசியில் வழித்தெடுத்துப் பையில் கட்டிவிடுங்கள். கோழி மேய்கிற, பிள்ளைகள் விளையாடுகிற மண்ணில் அது விழக் கூடாது. வேலை செய்த உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

வெறும் இரும்பை 400, 600 என்று போய்க் கண்ணாடி ஆக்க நினைக்காதீர்கள். பெயின்ட் பிடிக்கக் கீறல் வேண்டும். 180 முதல் 240க்குள் நில்லுங்கள்.

இன்னொன்று. சீற் குழாயிலோ கிராங்க் பெட்டிக்கு அடியிலோ பிரேம் நம்பர் வெட்டியிருக்கும். அதைத் தேய்த்து அழிக்காதீர்கள். சைக்கிள் களவு போனால் பொலிஸில் சொல்ல உங்களிடம் இருக்கிற ஒரே அடையாளம் அது. தேய்க்கும் முன் படம் எடுத்து வையுங்கள், அந்த இடத்தில் பெயின்டையும் மெல்லிசாக விடுங்கள்.

மூடுவதும் கடைசித் துடைப்பும்

கிராங்க் பெட்டியின் புரி, போக் கழுத்தின் கிண்ணங்கள், சீற் குழாயின் வாய் இவற்றுக்குள் பெயின்ட் போகக் கூடாது. கடதாசியைச் சுருட்டி அடைத்து மேலே மாஸ்கிங் டேப். செலோடேப் வேண்டாம், பசையை விட்டுப் போகும்.

பிறகு கடைசித் துடைப்பு. இரண்டு துணி எடுங்கள், பலமுறை துவைத்த பழைய வெள்ளைப் பருத்தித் துணி. ஒன்றைத் தின்னரில் நனைத்து ஓரடி நீளம் துடையுங்கள். அது காயும் முன் மற்றக் கையில் உள்ள காய்ந்த துணியால் அதே இடத்தைத் துடைத்தெடுங்கள். தின்னர் தானாகக் காய விட்டால் கரைந்த எண்ணெய் அதே இடத்தில் திரும்பப் படியும், நீங்கள் அழுக்கை இடம் மாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். துணியின் பக்கத்தை மாற்றி மாற்றித் துடையுங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஏறுகிற வரைக்கும் முடியவில்லை என்று அர்த்தம்.

பழைய பெயின்ட் தின்னர் பட்டவுடன் இளகித் துணியில் வந்து ஒட்டினால் கவனம். அதன் மேல் வேறு வகைப் பெயின்ட் அடித்தால் சுருங்கிக் கிழவன் தோல் மாதிரி ஆகலாம். மறைவான ஓர் இடத்தில் அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

தின்னர்த் துணிகளைப் பந்தாகச் சுருட்டிக் குப்பையில் எறியாதீர்கள். வெளியில் விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள். மிச்சத் தின்னரைக் கிணற்றடியிலோ வாவிக்கு ஓடுகிற வடிகானிலோ ஊற்ற வேண்டாம். இறுக்கமான டின்னில் மூடிவைத்தால் அழுக்கு அடியில் படியும், தெளிவை அடுத்த முறை பிரஷ் கழுவ எடுக்கலாம்.

வெறும் இரும்பு தெரிகிற பிரேம் ஓர் இரவுகூடக் காத்திருக்கக் கூடாது. காலையில் கடைசித் துடைப்பு என்றால், கடற்காற்று எழும் முன் அன்றைக்கே பிரைமர். சிங்க் பொஸ்பேற் பிரைமர் கிடைத்தால் அதை எடுங்கள், இல்லாவிட்டால் ரெட் ஒக்சைட்.

அடிப்பது

இதில் சொல்ல அதிகம் இல்லை. கேனுக்குள் குண்டு சத்தம் போடத் தொடங்கிய பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். முதலில் ஒரு மட்டையில் அடித்துப் பாருங்கள். பிரேமுக்கும் கேனுக்கும் ஒரு சாண், 20 முதல் 25 சென்ரிமீற்றர். பிரேமுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, கடந்து போய் மறுபக்கம் வெளியே விடுங்கள். முதல் பூச்சில் அடி நிறம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கூடிவிட்டது, கண்ணீர் மாதிரி வழியும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடுத்தது. பிரேமைத் தலைகீழாகத் தொங்கவிட்டு மூலைகளை முதலில் முடியுங்கள், மேற்குழாய் கடைசி. பிரைமர் காய்ந்த பிறகு 400ஆம் நம்பரால் நனைத்து மெல்லத் தேய்த்து, துடைத்து, பிறகு நிறம்.

பூச்சில் வெண்புகை படிந்ததுபோல் மங்கல் வந்தால் ஈரம் பிடித்துவிட்டது. நல்ல வெயில் நாளில் மெல்லத் தேய்த்துத் திரும்ப அடிக்கவேண்டியதுதான்.

மோட்டார் சைக்கிள் டாங்கியும் துவக்கும்

சைக்கிள் நன்றாக வந்தால் அடுத்தது மோட்டார் சைக்கிள் டாங்கி என்று மனம் சொல்லும். வெறுமையான டாங்கி நிறைந்த டாங்கியைவிட ஆபத்தானது, உள்ளே ஆவி நிற்கிறது. பெற்றோலை வடித்து, கழற்றி, வாய் திறந்து வெளியில் நாட்கணக்கில் விட்டாலும் கிரைண்டரையும் வெல்டிங்கையும் சூட்டுக் காற்று ஊதுகிற கருவியையும் அதற்குக் கிட்டக் கொண்டு போக வேண்டாம். வாயை அடைத்துக் கையால் நனைத்துத் தேய்ப்பது மட்டும். நிறத்தையே மாற்றுவதானால் வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள நிறத்தையும் மாற்ற வேண்டியிருக்கும், முதலில் அதை விசாரியுங்கள்.

அம்பாறைப் பக்கம் வயல் செய்கிற நண்பர் ஒருவர் பன்றிக் காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு ஒரு துவக்கு வைத்திருக்கிறார். "இதுக்கும் இப்படி அடிக்கலாமா மச்சான்?" என்று கேட்டார். இரும்பு இரும்புதான், எண்ணெயும் உப்பும் போகவேண்டும் என்ற விதி ஒன்றுதான். ஆனால் துவக்கில் எண்ணெய் பொருத்துகளுக்குள்ளே குடியிருக்கும், துடைத்த பிறகும் வேர்த்து வெளியே வரும். அதனால்தான் அந்தத் தொழில் தெரிந்தவர்கள் பாகங்களைக் கழற்றி அடுப்பில் சூடாக்கி எண்ணெயைக் கசியவிட்டு மறுபடி துடைக்கிறார்கள். பிறகு அலுமினியம் ஒக்சைட் மணலைக் காற்றால் அடித்துச் சீராகச் சொரசொரப்பாக்கி, சுமார் 25 மைக்ரோன் தடிப்பில் மட்டும் பூசி, அடுப்பில் வைத்து இறுக்குகிறார்கள். கடைக் கேனால் தடிப்பாக அடித்தால் பொருந்த வேண்டிய பாகம் பொருந்தாது. குழலுக்குள்ளும் தோட்டா வைக்கும் அறைக்குள்ளும் விசைப் பொறிக்குள்ளும் பெயின்ட் போகவே கூடாது. இரட்டைக் குழல் துவக்கில் குழல்களை ஈயப் பற்றுவைத்து ஒட்டியிருப்பார்கள், அளவுக்கு மீறிய சூட்டில் பற்று விட்டுப்போகும். துவக்கில் வெட்டியிருக்கிற இலக்கத்தின் மேல் சாண்ட் பேப்பர் பட்டு அது மங்கினால் பிறகு நீங்கள் பேசப்போவது பெயின்ட் கடையில் அல்ல, பொலிஸில்.

அவருக்கு நான் சொன்னது: தோட்டா இல்லை என்று இரண்டு தரம் பார், எண்ணெய்த் துணியால் வெளியே துடைத்து வை, மற்ற எதுவானாலும் அனுமதி பெற்ற திருத்துநரிடம் கொண்டுபோ. அவர் தலையாட்டிவிட்டுத் தன் சைக்கிளைக் கொண்டு வந்தார். அது இப்போது என் மாமரத்தில் தொங்குகிறது, பச்சை நிறம். தொட்டால் ஒட்டவில்லை என்று நேற்றே சீற்றைப் பூட்டக் கேட்டார். தொட்டுக் காய்வது வேறு, இறுகிக் காய்வது வேறு. ஒரு கிழமை போகவேண்டும், அதற்கு முன் பிடிப்பானை இறுக்கினால் பெயின்டில் அதன் தடம் பதிந்துவிடும். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.